அரைக் கிலோமீற்றர் வட்டமும் ஹட்டன் பஸ் பாதையும்

ஹட்டன் நகரில் உங்கள் தந்தையார் காலத்திலிருந்து நடந்துவரும் புடவைக்கடைக்குக் கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனம் ஆறு மாத ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. கடையைச் சுற்றி 500 மீற்றர் வட்டத்துக்குள் நுழையும் கைத்தொலைபேசிகளுக்குத் தானாகவே செய்தி போகும் என்கிறது. அதை எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், "பஸ் நிலையத்தில் இறங்குகிற சனம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது, உள்ளே வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டே இந்தப் பதிலை எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகளாகக் கடைகளுக்கான விளம்பரத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் கொழும்பில். அதற்குப் பின் கண்டியிலிருந்து பண்டாரவளை வரையுள்ள சிறிய, நடுத்தரக் கடைகளோடு. புடவை, காலணி, இரும்புச் சாமான், தொலைபேசிக் கடைகள்தாம் எனக்குப் பழக்கம். மருந்தகம், உணவகம் ஆகியவற்றுக்கு நான் வேலை செய்ததில்லை; ஆகவே நான் சொல்வதை அவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில், அந்த நிறுவனம் எதை விற்கிறது என்பதைத் தெளிவாகக் கேட்டறியுங்கள். "இருப்பிடம் சார்ந்த விளம்பரம்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. ஒன்று, தொலைபேசியில் ஏற்கெனவே நிறுவப்பட்ட ஒரு செயலி, அதன் உரிமையாளர் குறித்த வட்டத்துக்குள் வந்ததும் அறிவிப்புக் காட்டுவது. இரண்டாவது, தொலைபேசிச் சேவை நிறுவனம் தன் கோபுரங்களோடு அந்த நேரத்தில் இணைந்திருக்கும் இலக்கங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. மூன்றாவது, பேஸ்புக், கூகுள் போன்றவற்றில் ஓர் இடத்தைக் குறித்து, அங்கே இருப்பதாக அவை கணிக்கிறவர்களுக்கு விளம்பரம் காட்டுவது. முதலாவது நடக்க வேண்டுமானால் உங்கள் வாடிக்கையாளரின் தொலைபேசியில் அந்தச் செயலி இருக்க வேண்டும், பின்னணியிலும் இருப்பிடத்தைப் பார்க்க அவர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். 2019இல் வெளிவந்த ஆண்ட்ரொய்ட் 10 முதல் இந்தப் பின்னணி அனுமதியைத் தனியாகக் கேட்டுத்தான் பெற முடியும். டிக்கோயாவிலிருந்து சாரி வாங்க வரும் ஓர் அம்மா உங்கள் கடைக்காகவோ வேறு எவருக்காகவோ அப்படியொரு செயலியை வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மூன்றாவதில் 500 மீற்றர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பேஸ்புக்கின் விளம்பரப் பக்கம் ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்த வட்டத்தை வரைய விடாது. எனவே அவர்கள் சொல்லும் 500 மீற்றர் எந்த வழியால் அளக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் உங்கள் முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

இனி மலைநாட்டுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். இதைத்தான் கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வட்டம் என்பது சமதரைக்குரிய வடிவம். கொழும்பின் கொள்ளுப்பிட்டியில் ஒரு கிலோமீற்றர் வட்டம் போட்டால் அதற்குள் இருப்பவர் பதினைந்து நிமிடத்தில் நடந்து கடைக்கு வந்துவிடலாம். இங்கே பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் வெளிச்சம் உங்கள் கடை மாடியிலிருந்து தெரியும். ஆனால் அங்கிருந்து ஒருவர் உங்களிடம் வர, தோட்டப் பாதையில் இறங்கி, ஆற்றைக் கடந்து, பிரதான வீதிக்கு ஏறி, பஸ்ஸுக்குக் காத்திருந்து வர வேண்டும். மறுபுறம் பொகவந்தலாவையில் வசிப்பவர் வரைபடத்தில் எவ்வளவோ தூரத்தில் இருக்கிறார். அவருக்கோ நோர்வூட், டிக்கோயா வழியாக நேரே ஹட்டனில் இறக்கிவிடும் பஸ் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதைப் பஸ் பாதைதான் தீர்மானிக்கிறது. மஸ்கெலியாப் பக்கம், பொகவந்தலாவைப் பக்கம், கொட்டகலை வழியாகத் தலவாக்கலைப் பக்கம், கினிகத்தேனைப் பக்கம் என்று நீளும் வீதிகள்தாம் உங்கள் சந்தை. எந்த வட்டமும் அவற்றைச் சரியாகப் பிடிக்காது.

கோபுரங்களின் கதையும் இதேதான். அலை நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். உச்சியில் நிற்கும் ஒரு கோபுரம் பல கிலோமீற்றர் தள்ளியுள்ள எதிர்மலைக்கு நல்ல சமிக்ஞை கொடுக்கும். அதன் காலடிச் சரிவிலுள்ள தோட்டப் பிரிவிலோ வாசல் திண்ணையின் ஒரு மூலையில் நின்றால்தான் பேச முடியும். ஆகவே "ஹட்டன் நகரில் இருப்பவர்கள்" என்று கோபுரத்தை வைத்துத் தெரிந்தெடுக்கும்போது, நகரத்துக்கு வராமல் தன் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதில் சேர்வதும், உங்கள் கடை எதிரே நிற்பவர் விடுபடுவதும் நடக்கின்றன. செயலி வழியாகச் செய்யும் வட்ட எல்லைகளைப் பற்றி ஆண்ட்ரொய்ட் உருவாக்குநர்களுக்குக் கூகுள் கொடுக்கும் வழிகாட்டலே இதை ஒப்புக்கொள்கிறது: வைஃபை சமிக்ஞைகள் நிறைந்த இடத்தில் 20 முதல் 50 மீற்றர் வரை துல்லியம், அவை இல்லாத கிராமப்புறத்தில் சில நூறு மீற்றரிலிருந்து சில கிலோமீற்றர் வரை பிழை. எல்லைக்குள் நுழைந்தது தெரியவருவதற்குச் சாதாரணமாக 2, 3 நிமிடத் தாமதமும் உண்டு. மெதுவாக ஏறும் பஸ்கூட மூன்று நிமிடத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊவாப் பக்கத்து நகரம் ஒன்றில் ஒரு காலணிக் கடைக்காக இதை நானே சோதித்துப் பார்த்தேன். கடையைச் சுற்றி 200 மீற்றர் எல்லை வைத்து, என் தொலைபேசியில் எல்லா அனுமதிகளையும் கொடுத்து, நகரத்துக்கு வெளியே இருந்து பஸ்ஸில் வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, ஜன்னல்களின் தகரத் தட்டிகளை இறக்கிவிட்டிருந்தார்கள், மடியில் பை, பையின் அடியில் தொலைபேசி. கடையின் பெயர்ப்பலகை கடந்து போனது. சந்தைத் திருப்பம் கடந்தது. பஸ் நிலையத்தில் இறங்கிக் குடையை விரித்த பிறகு பைக்குள் ஓர் அதிர்வு: "நீங்கள் எங்கள் கடைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்." திரும்பி அந்த ஏற்றத்தில் மழையில் நடக்க எனக்கே மனம் வரவில்லை. அதே வழியில் பலமுறை போய்ப் பார்த்தேன். இருமுறை நேரத்துக்கு வந்தது, மற்ற நாட்களில் பிந்தி வந்தது அல்லது வரவேயில்லை. ஒரு தொலைபேசியின் அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கடைக்காரரின் பணத்தை அதில் போட எனக்குத் துணிவு வரவில்லை.

இன்னொரு விடயம், வாங்குபவரும் பணம் கொடுப்பவரும் நம் பக்கத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தோட்டத்தில் இருக்கும் தாய்க்குச் சாரி வாங்கக் காசு அனுப்புவது கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் மகள், அல்லது வளைகுடா நாட்டில் இருக்கும் மகன். "அந்தக் கடையில நீலக் கரை போட்டது வந்திருக்கு, போய்ப் பாருங்கம்மா" என்று வட்ஸ்அப்பில் படத்தை அனுப்புவதும் அவர்களே. உங்கள் 500 மீற்றர் வட்டத்துக்குள் அவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே வருகிறார்கள். வட்டத்துக்கு வெளியே இருந்து உங்கள் கடைக்கு ஆள் அனுப்பும் இவர்களை விட்டுவிட்டு எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? காசு செலவில்லாத இடத்திலிருந்து. கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையின் பதிவைத் திறந்து பாருங்கள். இந்தச் சேவை இலவசம். கடை உங்களுடையது என்பதை உறுதிப்படுத்தினால் போதும். அங்கே நான் முதலில் பார்ப்பது கடையைக் குறிக்கும் ஊசி சரியான இடத்தில் குத்தியிருக்கிறதா என்பதை. சமதரையில் 40 மீற்றர் தள்ளியிருந்தால் பெரிய நட்டமில்லை, தலையைத் திருப்பினால் பெயர்ப்பலகை தெரியும். ஹட்டன் போன்ற ஊரில் 40 மீற்றர் என்றால் அது வேறு வீதி; இடையில் ஒரு கல்படிக்கட்டு; சில வேளை படிக்கட்டும் இல்லாத மதில். கீழ் வீதியில் ஊசி இருக்க, மேல் வீதியில் கடை இருந்த ஒரு வியாபாரி, "வெளியூர்க்காரர் போன் எடுத்து வழி கேட்கிறார்கள், பிறகு வருவதில்லை" என்று என்னிடம் வருந்தினார். ஊசியை நகர்த்தி, படிக்கட்டு தொடங்கும் இடத்தையும் கடை முகப்பையும் படம் எடுத்துப் போட்டோம். வழி கேட்கும் அழைப்புகள் குறைந்ததாக அவர் சொன்னார். விற்பனை அதனால் எவ்வளவு கூடியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உள்ளூர்த் தேடலில் யாரை முன்னே காட்டுவது என்பதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்த்துத் தீர்மானிப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தத்தை மாற்றலாம்: "கடை" என்று பொதுவாக இருக்கும் வகையைப் புடவைக்கடை என்று திருத்துங்கள்; சாரி, பாடசாலைச் சீருடை, ஸ்வெட்டர் என்று விற்பதை விவரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், ஏனெனில் தேடுகிறவர்கள் மூன்றிலும் தேடுகிறார்கள். திறக்கும் நேரம் சரியாக இருக்கட்டும். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் இரவு வரை திறந்திருந்தால் அதையும் சிறப்பு நேரமாகப் பதியுங்கள். நல்ல வாடிக்கையாளர்களிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் உறவினரைக் கொண்டு பொய்யாக எழுதுவிக்காதீர்கள். அது விதிக்கு முரண். ஊர் சிறியது, படிக்கிறவருக்குப் பெயரைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வட்ஸ்அப் பிஸ்னஸ். இதுவும் இலவசமே. பொருட்களின் படப்பட்டியலை அதில் வைக்கலாம், ஒரே தடவையில் 256 பேர் வரையான பட்டியலுக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதைப் பல கடைக்காரர்கள் அறியாமல், ஆயிரம் இலக்கங்களைச் சேர்த்துவிட்டுப் பதில் இல்லையே என்று காத்திருக்கிறார்கள். ஆகவே வேலை கடை மேசையில்தான் தொடங்க வேண்டும். கடைப் பையில் உங்கள் வட்ஸ்அப் இலக்கத்தையும் ஸ்கேன் செய்யும் QR கட்டத்தையும் பெரிதாக அச்சடியுங்கள். அந்தப் பை லயத்து வீட்டில் ஆணியில் மாதக்கணக்கில் தொங்கும், கொழுந்து பறிக்கப் போகும்போது சாப்பாட்டுக் கேத்தலைச் சுமக்கும், பக்கத்து வீட்டுக்கும் போகும். பற்றுச்சீட்டு எழுதும்போதே, "புதுச் சரக்கு வந்தால் படம் அனுப்பவா அக்கா?" என்று உங்கள் பணியாளர் கேட்கட்டும், விருப்பம் என்றால் அங்கேயே இலக்கத்தைச் சேமிக்க உதவட்டும். தேடிப் பிடித்த முகமறியாத ஆயிரம் பேரைவிட, இப்படிச் சம்மதித்துச் சேர்ந்த இருநூறு பேர் எனக்கு மேலானவர்களாகத் தெரிகிறார்கள். மகளுக்குப் படத்தை அனுப்புவது அந்த இருநூறு பேரில் ஒருவர்தான்.

குறுஞ்செய்தி அனுப்புவதானால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள். தமிழில் 70 மட்டுமே. அதைத் தாண்டினால் செய்தி 67, 67 ஆக உடைக்கப்பட்டு ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் விழும். இந்த 70ம் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு அன்று. "தீபாவளி" என்பதில் நாம் காண்பது நான்கு எழுத்துகள். உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணும் தொலைபேசிக்கு அது ஏழு. "புதுச் சாரிகள் வந்துள்ளன. சனி, ஞாயிறு இரவு 8 வரை கடை திறந்திருக்கும்." என்ற செய்தி, இடைவெளியும் குறிகளும் சேர்த்துச் சரியாக 69. இதற்குமேல் ஒரு "அன்பார்ந்த" சேர்த்தால் செலவு இரட்டிப்பாகும். செலவைக் குறைக்கத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவோர் உண்டு. பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள், வாங்கத் தீர்மானிக்கும் தாய்மார் பலர் வாசிப்பதில்லை. சுருக்கமான நல்ல தமிழே போதும். கடையின் பெயர் அனுப்புநர் பெயராகவே வருமாறு சேவை நிறுவனத்திடம் பதிவு செய்துகொண்டால் அதற்காக எழுத்துகளைச் செலவிட வேண்டியதில்லை.

கட்டண விளம்பரத்துக்கு என்று ஒரு தொகை ஒதுக்கியிருந்தால், அதை ஆறு மாதத்துக்கும் சமமாகப் பரப்பாமல் நாளைப் பார்த்துச் செலவிடுங்கள். மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டித் தோட்டச் சம்பளம். அதை அடுத்து வரும் சனி, ஞாயிறில் ஹட்டன் வீதி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மூன்று நாட்களுக்கு முன் தொடங்கி அந்த ஞாயிறு மதியத்தோடு பேஸ்புக் விளம்பரத்தை நிறுத்தலாம். கடையைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போடுவதை விட்டு, பஸ் பாதை நெடுகச் சிறு சிறு புள்ளிகளாக டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை என்று குறியுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகே காட்டுங்கள். பகலில் கொழுந்து மலையில் இருப்பவர் தொலைபேசியைப் பார்க்க மாட்டார், மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து வீடு வந்து அடுப்பு வேலையும் ஓய்ந்த பிறகுதான் பார்ப்பார். தொலைபேசியில் இருப்பிடத்தை அணைத்து வைத்திருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பேஸ்புக் பெரும்பாலும் இணைய இணைப்பின் முகவரியை வைத்தே கணிக்கிறது. கைத்தொலைபேசி இணைப்பில் அந்தக் கணிப்பு வேறு மாவட்டத்தைக் காட்டுவதும் சாதாரணம் என்பதால், பஸ் பாதைப் புள்ளிகளும் முழுமையாகப் பிடிக்காது. கூகுள் விளம்பரம் போட்டால், இடத் தெரிவில் "அங்கே இருப்பவர்கள்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். மாற்றாமல் விட்டால், ஹட்டனைப் பற்றி ஆர்வம் காட்டிய வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கும் உங்கள் சீருடை விளம்பரம் போகும்.

இருப்பிட விளம்பரம் உண்மையாகவே பலன் தரும் ஒரு கூட்டமும் உங்கள் ஊரைக் கடந்து போகிறது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குச் செல்வோரில் பெரும்பகுதியினர் ஹட்டனில் ரயிலோ பஸ்ஸோ விட்டிறங்கி மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்குப் போகிறார்கள். உச்சி 2,243 மீற்றர். விடியலில் குளிர் எலும்பைத் தொடும். தாழ்நிலத்திலிருந்து வந்தவர் பலரிடம் தொப்பியும் இல்லை, கையுறையும் இல்லை. அவர்கள் ஊர் தெரியாதவர்கள், வரைபடத்தை விரித்தபடியே நடக்கிறவர்கள், இருப்பிடத்தை இயக்கி வைத்திருப்பவர்கள். கம்பளித் தொப்பி, ஜேர்சி, டோர்ச் ஆகியவற்றின் படங்களும் இரவுநேரத் திறப்பும் உங்கள் கூகுள் பதிவில் இருந்தால், அந்த ஆறு மாதமும் வட்டம் வரையாமலே அவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பார்கள். நுவரெலியாவின் ஏப்ரல் சீசனுக்கும் எல்லவின் ரயில் பயணிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இலக்கங்களைச் சேர்ப்பது பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. அதன் பகுதிகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்தவை. விளம்பரச் செய்திகளுக்குப் பெறுநரின் சம்மதம் தேவை என்பது அதன் ஏற்பாடுகளில் ஒன்று. நான் சட்டத்தரணி அல்லன். உங்கள் கடைக்கு எந்தக் கடமை எப்போது பொருந்தும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். நுண்கடன்காரர்களின் அழைப்புகளால் நொந்துபோன பெண்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள்; அறியாத இடத்திலிருந்து, "நீங்கள் இங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும்" என்ற தொனியில் ஒரு செய்தி வந்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி வராது, பயம் வரும். பெயரும் இலக்கமும் போதும்; அடையாள அட்டை இலக்கமோ தோட்டப் பெயரோ கேட்க வேண்டாம். வேண்டாம் என்றவரின் இலக்கத்தை அன்றே அழியுங்கள். அந்தப் பட்டியலை வேறெந்தக் கடைக்கும் கொடுக்காதீர்கள், சொந்தக்காரர் கடைக்கும்கூட.

பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது என்பதில் எனக்குத் தெளிவான பதில் பாதிதான் உண்டு. விளம்பரம் பார்த்தவர் கடைக்கு வந்தாரா என்று கூகுள் கணித்துத் தரும் வசதி, நிறையத் தரவு சேரும் பெரிய விளம்பரதாரர்களுக்கே கிடைக்கிறது. உங்களுடையது போன்ற ஒற்றைக் கடைக்கு அது கிடைப்பது அரிது. "இத்தனை ஆயிரம் பேரைச் சென்றடைந்தது" என்று நிறுவனம் தரும் அறிக்கை, இத்தனை பேரின் திரையில் தோன்றியது என்பதை மட்டுமே சொல்கிறது. மேசையில் ஒரு கொப்பி வையுங்கள், பற்றுச்சீட்டு எழுதும்போது, "எப்படி வந்தீங்க?" என்று கேட்டு, வட்ஸ்அப், பேஸ்புக், வரைபடம், பழக்கம் என்று ஒரு கோடு போடுங்கள். வட்ஸ்அப் செய்தியைக் காட்டுபவருக்கு ஒரு பிளவுஸ் துணியில் சிறு விலைக்கழிவு கொடுத்தால் கோடு இன்னும் நம்பகமாகும். இதிலும் பிழை உண்டு. மூன்று வழியாலும் உங்களை அறிந்தவர் கடைசியாகப் பார்த்ததை மட்டும் சொல்வார்.

ஆக, இந்த ஆறு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். எப்படியும் அவர்களோடு வேலை செய்ய விரும்பினால், ஒரு மாதச் சோதனைக்கு மட்டும் உடன்படுங்கள். அதில் ஒரு பத்தாம் திகதி கட்டாயம் அடங்கட்டும். அந்த மாதமும் அதற்கு முந்தைய மாதமும் கொப்பியில் கோடு விழட்டும். அதற்கு முன் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஹட்டனை அறியாத நண்பர் ஒருவரை ரயிலில் வரவழைத்து, நிலையத்திலிருந்து யாரிடமும் கேளாமல், தொலைபேசியின் வரைபடத்தை மட்டும் பார்த்து உங்கள் கடைக்கு நடந்துவரச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்க்கிறார், எந்தப் படிக்கட்டைத் தவறவிடுகிறார் என்பதைப் பின்னால் நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். ஊசியை எங்கே நகர்த்துவது என்று அடுத்ததாகப் பார்ப்போம்.